நாலரை மணிப் பசி: பட்டறை வேலைக்குப் போகும் அம்மா, அடுப்பைத் தொடக்கூடாத பையன், நாளுக்கு 20 ரூபாய்

கொலுசுப்பட்டறை
திங்கள், இரவு 9.40

வணக்கம். சேலத்தில் சிவதாபுரம் பக்கம் குடியிருக்கிறோம். நானும் வீட்டுக்காரரும் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறோம். காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும். ஒரே பையன், எட்டாம் வகுப்பு, வயது 13. போன தீபாவளிக்கு எடுத்த பேண்ட் இப்போது கணுக்காலுக்கு மேலே நிற்கிறது.

மதியம் பள்ளிக்கூடத்திலேயே சாப்பிடுகிறான். நாலரைக்கு வீட்டுக்கு வரும்போது அகோரப் பசி. முதுகிலிருந்து பையைக்கூட இறக்காமல் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்கிறான் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். போன வாரம் ஒரு நாள் இட்லிப் பொடியையும் சர்க்கரையையும் மாற்றி மாற்றி அள்ளித் தின்றிருக்கிறான். அந்த அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது தினம் 40 ரூபாய் கொடுத்துவிட்டுப் போகிறேன். பேக்கரியில் ஒரு பப்ஸும் ஒரு கிரீம் பன்னும் வாங்கித் தின்கிறான். ஆறு மணிக்கு மறுபடி பசி. மாதம் ஆயிரம் ரூபாய் இதற்கே போகிறது, பையனும் தேறுகிற மாதிரித் தெரியவில்லை.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அவன் தனியாக இருக்கும்போது அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. நாள் முழுக்க நெருப்பை ஊதி வேலை செய்கிறவள் நான், அந்தப் பயம் எனக்கு உண்டு. சின்ன ஃபிரிட்ஜ் இருக்கிறது. ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. நாளுக்கு 20 ரூபாய்க்குள் வீட்டிலேயே செய்து வைக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.


பழைய_பஸ்_நிலையம்
திங்கள், இரவு 10.05

இட்லிப் பொடியும் சர்க்கரையுமா! என் மூத்தவன் அந்த வயதில் பச்சை ஜவ்வரிசியை மென்றான். நடத்துநர் வேலை, என் வீட்டிலும் சாயங்காலம் ஆள் இருக்க மாட்டார்கள். நல்ல பதில் வரட்டும், நானும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.


அம்மாப்பேட்டைத்_தறி
திங்கள், இரவு 10.30

தங்கச்சி, கடலை உருண்டை செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வாரம் முழுக்க ஆகும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் ஃபிரிட்ஜ்கூட வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் போன வாரம் நிலக்கடலைப் பருப்பு கிலோ 140 ரூபாய்க்கும் வெல்லம் 65 ரூபாய்க்கும் வாங்கினேன். கால் கிலோ கடலைக்கு 150 கிராம் வெல்லம். பெரிய நெல்லிக்காய் அளவில் பிடித்தால் 20 உருண்டை வரும். ஒன்று இரண்டே கால் ரூபாய்தான் ஆகிறது.

வெறும் வாணலியில் சிறு தீயில் கடலையை வறுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தோல் கருகும், உள்ளே பச்சை வாடை நிற்கும். ஒரு பருப்பை எடுத்துத் தேய்த்தால் தோல் தானாகக் கழன்று வருவதுதான் பதம். முறத்தில் கொட்டி, ஆறியதும் உள்ளங்கையால் தேய்த்து, வாசலில் நின்று புடைத்துவிடுங்கள். அறைக்குள் புடைத்தால் இரண்டு நாளைக்குத் தோல் பொறுக்க வேண்டியிருக்கும். கடலையை ஒன்றிரண்டாக உடைத்தால்தான் பிடிக்க வரும்.

வெல்லம் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, மறுபடி அடுப்பில் வையுங்கள். வடிகட்டாவிட்டால் பல்லில் மண் கடிக்கும். பாகு கொதித்து நுரை அடங்கும்போது ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். விரலால் உருட்ட வர வேண்டும். உருட்டியதைத் தட்டில் போட்டால் டக்கென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் இறக்கி, கடலையைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு சூட்டோடு சூடாகப் பிடிக்க வேண்டும். விரல் சுடத்தான் செய்யும். ஆறவிட்டுப் பிடித்தால் உருண்டை நிற்காது.


குகைப்_பெரியவர்
செவ்வாய், காலை 6.10

எங்கள் காலத்தில் சாயங்காலத் தீனி என்று தனியாக ஒன்று கிடையாது. பசித்தால் சட்டியில் கிடக்கும் பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்போம். இப்போது பிள்ளைகளுக்கு வேளைக்கு ஒரு டப்பா. நாக்கை வளர்க்கிறோம்.


இரண்டு_பெண்களின்_அம்மா
செவ்வாய், காலை 6.45

பெரியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காலத்தில் பிள்ளைகள் ஒல்லியாக, குள்ளமாக இருந்ததும் அந்தக் கணக்கில் சேர்ந்துதான் வருகிறது. என் மாமியாரும் இதையேதான் சொல்வார், அதுவும் என் பெண்களுக்கு மட்டும்.


ஓய்வுபெற்ற_செவிலி
செவ்வாய், பிற்பகல் 2.20

35 வருடம் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவள் நான். பெரியவர் சொன்னதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன், எந்தப் பாதி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 13 முதல் 15 வயதுப் பையனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2860 கலோரி, 45 கிராம் புரதம் வேண்டும். 10 முதல் 12 வயதுக்கு 2220 கலோரிதான். அதாவது உங்கள் பையன் 13-ஐத் தொட்டதும் கிட்டத்தட்ட ஒரு முழுச் சாப்பாடு கூடிவிட்டது. அவன் டப்பாவைத் துழாவுவது நாக்கு ருசிக்காக இல்லை. உடம்பு இன்னொரு வேளைச் சோறு கேட்கிறது. நாம் அதைத் தின்பண்டம் என்று நினைத்துக்கொண்டு பப்ஸைக் கொடுக்கிறோம். மைதாவும் கொழுப்பும் அந்த நேரத்துக்கு வயிற்றை அடைக்கும், அவ்வளவுதான். ஆறு மணிக்கு மறுபடி பசிக்கத்தான் செய்யும்.

ஆகவே நாலரை மணிக்கு முதலில் சாப்பாடு, அப்புறம் உருண்டை. இதுதான் பெரியவர் பக்கத்துப் பாதி. காலையில் வடித்த சோற்றில் ஒரு கிண்ணம் எடுத்து, காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக விட்டு ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து வைத்தால் சாயங்காலம் புளிக்காமல் இருக்கும். ஆனால் அம்மா, சேலத்து வெயிலில் மேடையிலேயே விட்டுவிடாதீர்கள். வடித்த சோறு மணிக்கணக்காக வெதுவெதுப்பில் கிடந்தால் வயிற்றைக் கெடுக்கும் கிருமி வளரும். ஆறியவுடன் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

கடலை உருண்டை மிக நல்லது. 100 கிராம் நிலக்கடலையில் 25 கிராம் புரதம் இருக்கிறது. தறி வீட்டு அம்மா சொன்ன அளவில் ஓர் உருண்டைக்கு 3 கிராம் புரதம், 100 கலோரி. மூன்று தின்றால் முட்டை ஒன்றரைக்குச் சமம். ஒரே ஒரு எச்சரிக்கை: விலை குறைவு என்று சுருங்கியது, பூசணம் பட்டது, கசக்கிற கடலை எதையும் வாங்காதீர்கள். அதில் இருக்கும் நஞ்சு கல்லீரலைப் பாதிக்கும், வறுத்தாலும் முழுவதும் போகாது. தின்னும்போது ஒன்று கசந்தால் துப்பச் சொல்லுங்கள். கடலை சிலருக்கு ஒவ்வாது, பையனின் நண்பர்களுக்குக் கொடுக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளிடம் முழுக் கடலையைக் கொடுக்கவே கூடாது, புரையேறிவிடும்.


கொலுசுப்பட்டறை
செவ்வாய், இரவு 9.15

அம்மா, 'இன்னொரு வேளைச் சோறு கேட்கிறது' என்று நீங்கள் எழுதியதை வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். தினம் 40 ரூபாயைப் பற்றி இதுவரை என்னிடம் சண்டை போட்டவர் பேசாமல் இருந்துவிட்டார்.

ஆனால் ஒரு சிக்கல். இன்று தயிர்சாதம் வைத்துவிட்டுப் போனேன். தொடவில்லை. கேட்டால், டியூஷனுக்குப் போகிற வழியில் எல்லாரும் கையில் ஏதாவது வைத்துத் தின்கிறார்கள், நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்ன வேண்டுமா என்கிறான். பசியைவிட மானம் பெரிதாம்.


பழைய_பஸ்_நிலையம்
செவ்வாய், இரவு 9.50

13 வயது மானம் பொல்லாதது. என் மகன் டிபன் பாக்ஸைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோவான், என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாதாம்.

கையில் பிடித்துத் தின்கிற மாதிரிக் கொடுத்துப் பாருங்கள். பேர் மாறினால் அதே சோறு இறங்கும்.


அம்மாப்பேட்டைத்_தறி
செவ்வாய், இரவு 10.20

குழிப்பணியாரம்! காலையில் இட்லி ஊற்றும்போது இரண்டு கரண்டி மாவைத் தனியாக எடுத்து வையுங்கள். மூன்றாம் நாள் புளித்த மாவாக இருந்தால் இன்னும் நல்லது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஊறவைத்த கடலைப்பருப்பு ஒரு பிடி, துருவிய கேரட். எல்லாவற்றையும் தாளித்துக் கொட்டி, குழியில் சொட்டுச் சொட்டாக நல்லெண்ணெய் விட்டுச் சுட்டால் ஓர் ஈட்டுக்கு ஏழு. சாயங்காலம் வரை கெடாது. தேங்காய் மட்டும் போடாதீர்கள், மதியத்துக்குள் ஊசிவிடும். தொட்டுக்கொள்ளவும் தேங்காய்ச் சட்னி வேண்டாம். பூண்டும் வரமிளகாயும் அரைத்து, எண்ணெயில் வதக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் சில நாள் நிற்கும்.

அதே காரச் சட்னியை வைத்து வீட்டிலேயே தட்டுவடை (தட்டைதான்) செட் போட்டுக்கொள்ளலாம். கடையில் தட்டுவடையை மட்டும் பாக்கெட்டாக வாங்கி வைத்தால் போதும். பீட்ரூட்டும் கேரட்டும் துருவித் தனி டப்பாவில் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். ஒரு தட்டுவடை மேல் காரச் சட்னி, துருவல், வெங்காயம், அதன்மேல் புதினாச் சட்னி தடவிய இன்னொரு தட்டுவடை. அடுப்பே வேண்டாம், பையனே அடுக்கிக்கொள்வான். நடுவில் ஒரு கரண்டி சுண்டலை நசுக்கி வைத்தால் செவிலி அம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டார்.


ஓய்வுபெற்ற_செவிலி
புதன், பிற்பகல் 1.30

சொல்ல மாட்டேன். எனக்கும் இரண்டு செட் எடுத்து வையுங்கள்.


ஆத்தூர்க்_கிழங்கு
புதன், இரவு 8.00

மூன்று நாளாகப் பார்க்கிறேன். சேலம் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம் என்று பேசுகிறீர்கள். ஜவ்வரிசி என்ற வார்த்தை ஒரே ஒரு முறை வந்திருக்கிறது, அதுவும் ஒரு பையன் பச்சையாக மென்ற கதையில். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. 1981-இல் தொடங்கிய ஜவ்வரிசிக் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் நம் ஊரில்தான் இருக்கிறது. ஜவ்வரிசிக்கு மரவள்ளி போடுகிற குடும்பம் நாங்கள். விலை விழுந்தால் எங்கள் வீட்டில் அடுப்பும் விழும். ஜவ்வரிசிக் கஞ்சி, ஜவ்வரிசி உப்புமா, ஜவ்வரிசி வடாம், குச்சிக்கிழங்கு (மரவள்ளிதான்) அவித்தது, இதைவிட மலிவாக, வயிறு நிறைகிற பண்டம் எது?


ஓய்வுபெற்ற_செவிலி
புதன், இரவு 9.10

தம்பி, கோபிக்காதீர்கள். ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. 100 கிராமுக்கு 350 கலோரி கிடைக்கும், புரதம் ஒரு கிராம்கூட இல்லை. காய்ச்சல் கண்டவனுக்குக் கஞ்சியாகக் கொடுக்க நல்லது. வளர்கிற பையனுக்கு அதை மட்டும் கொடுத்தால் வயிறு நிறையும், சதை எலும்புக்கு ஒன்றும் போய்ச் சேராது.


ஆத்தூர்க்_கிழங்கு
புதன், இரவு 9.25

எங்கள் பாட்டன் காலத்திலிருந்து கிழங்கு தின்றுதான் ஏர் ஓட்டினோம்.


ஓய்வுபெற்ற_செவிலி
புதன், இரவு 9.40

கிழங்கோடு கருவாடும் கொள்ளுப்பருப்பும் தின்றிருப்பீர்கள். அதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?


ஆத்தூர்க்_கிழங்கு
வியாழன், காலை 5.50

இராத்திரி முழுக்க யோசித்தேன். கொள்ளு உண்மைதான்.

நம் ஜவ்வரிசியில் பெரும் பங்கு மகாராஷ்டிரத்துக்குப் போகிறது. அங்கே கிச்சடி செய்யும்போது வறுத்த நிலக்கடலையைப் பொடித்து ஜவ்வரிசியில் பிசிறித்தான் போடுவார்கள். விரத நாளில் அதுவே அவர்களுக்குச் சாப்பாடு. ஜவ்வரிசியைக் கழுவி, நனைகிற அளவு மட்டும் தண்ணீர் தெளித்து இரவே ஊறவிட்டு, காலையில் ஒன்றை எடுத்து நசுக்கினால் மாவாக வேண்டும். கடலைப்பொடி, உப்பு பிசிறி, சீரகம், பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு தாளித்த வாணலியில் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிளறுங்கள். இரண்டு பங்கு ஜவ்வரிசிக்கு ஒரு பங்கு கடலை. இறக்கி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். இப்போது புரதக் கணக்கு சரியா அம்மா?


ஓய்வுபெற்ற_செவிலி
வியாழன், காலை 10.15

இப்போது சரி. நானே இன்றைக்குச் செய்யப் போகிறேன்.

குச்சிக்கிழங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் அறிந்ததுதான், பட்டணத்துப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பச்சையாகக் கடிக்கக் கூடாது. அதில் சயனைடை வெளிவிடும் பொருள் உண்டு. தடித்த தோலை உள்தோலோடு சேர்த்து உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடி போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசந்தால் முழுக் கிழங்கையும் எறியுங்கள். வெட்டும்போது உள்ளே நீலக்கறுப்புக் கீற்று ஓடியிருந்தால் அது பழைய கிழங்கு. தோண்டி இரண்டு மூன்று நாளுக்குள் சமைப்பதே உத்தமம்.


ஆத்தூர்க்_கிழங்கு
வியாழன், காலை 10.40

அது உண்மை. வேகவைத்த தண்ணீரை மாட்டுக்குக்கூடக் காட்ட மாட்டோம்.


சேர்வராயன்_சாரல்
வியாழன், இரவு 7.30

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஆசிரியையாக இருக்கிறேன். மலைப் பசி வேறு மாதிரி. எங்கள் பிள்ளைகள் பள்ளிவிட்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஏறி இறங்கி வீட்டுக்குப் போக வேண்டும். மழைச் சாரலில் நனைந்துபோகிறவனின் பசியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெற்றவர்கள் காப்பித் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள். நவம்பரிலிருந்து பழம் பறிப்புக் காலம், இருட்டிய பிறகுதான் வீடு.

இங்கே காசு கொடுத்து வாங்குவது குறைவு. பலாப்பழக் காலத்தில் கொட்டையை எறிவதே இல்லை. கழுவி நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்வோம். உப்புப் போட்டு வேகவைத்தாலும் சரி, அடுப்புச் சாம்பலில் சுட்டாலும் சரி, மேலே இருக்கும் வெள்ளைத் தோலை உரித்தால் உள்ளே மாவாக இருக்கும். சாம்பலில் போடும் முன் கத்தியால் ஒரு கீறு கீற மறந்தால் பட்டாசு மாதிரி வெடிக்கும். போன வருடம் ஒரு கொட்டை என் புடவைக் கொசுவத்தில் வந்து விழுந்தது, வகுப்பு முழுக்க ஒரு வாரம் அதே பேச்சு. கொய்யா, மலைவாழை, பட்டர் பழம் (அவகாடோ), எல்லாம் வேலியோரம் கிடைக்கும். பட்டர் பழத்தைச் சந்தையில் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் அரைத்துப் பாலில் கலக்குகிறார்கள். எங்கள் பிள்ளைகள் நாட்டுச் சர்க்கரையைத் தூவிக் கரண்டியால் சுரண்டித் தின்றுவிடுவார்கள்.

ராகியை மறந்துவிட்டீர்களே! ராகி மாவில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, பிடித்தால் பிடியாகவும் உதிர்த்தால் உதிரவும் வந்ததும் ஆவியில் வேகவைத்தால் புட்டு. முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டுத் தட்டினால் அடை. அடை சாயங்காலம் வரை தாங்கும், பையன் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு டியூஷனுக்கே போகலாம்.

ஒரு கேள்வி செவிலி அம்மாவுக்கு. குளிருக்கு இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் கடுங்காப்பி கொடுக்கிறார்கள். பசியும் அடங்குகிறது என்கிறார்கள். சரியா?


ஓய்வுபெற்ற_செவிலி
வெள்ளி, காலை 11.00

பசி அடங்குவதுதான் கெடுதலே, டீச்சர். வயிற்றை ஏமாற்றிவிட்டுச் சாப்பாட்டைக் குறைக்கும். சாப்பிடும்போதோ உடனே பிறகோ காப்பி, டீ குடித்தால் கீரை, ராகியில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவது குறையும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதற்குப் பதில் ஒரு கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். ராகியில் சுண்ணாம்புச் சத்து அதிகம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். அரிசி அதன் பக்கத்தில்கூட வர முடியாது.


இரண்டு_பெண்களின்_அம்மா
வெள்ளி, இரவு 9.00

இந்த இழையில் தொடக்கத்திலிருந்தே பையன், பையன் என்றே ஓடுகிறது. என் மூத்தவளுக்கு 12. அவளும் பள்ளியிலிருந்து வந்ததும் இதே பாடுதான். இரண்டாவது முறை தட்டை நீட்டினால் என் மாமியார், 'பெண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு வயிறு' என்பார். அவள் கை தானாகப் பின்னால் போகும். இதைப் பார்த்துக்கொண்டு சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வருகிறவள் நான். கேட்க வாய் வராது.


ஓய்வுபெற்ற_செவிலி
வெள்ளி, இரவு 9.20

இதை அப்படியே உங்கள் மாமியாரிடம் வாசித்துக் காட்டுங்கள். அதே 2020 பரிந்துரையில் 10 முதல் 12 வயதுப் பையனுக்குப் புரதம் 32 கிராம். பெண்ணுக்கு 33 கிராம். பெண்ணுக்குத்தான் ஒரு கிராம் அதிகம். அந்த வயதில் பெண்கள் முந்திக்கொண்டு வளர்கிறார்கள், சீக்கிரமே மாதவிலக்கும் தொடங்கும். இப்போது குறைத்துப் போட்டால் பின்னால் இரத்தசோகை என்று என்னைப் போன்றவளிடம்தான் கூட்டி வருவீர்கள். 35 வருடத்தில் அப்படி வந்த பெண்களை எண்ணி மாளாது.


குகைப்_பெரியவர்
சனி, காலை 6.05

என் பேத்திக்கும் 12 வயது. நேற்று இதை வாசித்துவிட்டு அவளுக்கு முட்டை வாங்கி வந்தேன். பக்கத்து நாமக்கல்லிலிருந்து ஊர் ஊராகப் போகிறது, நம் வீட்டுக்கு மட்டும் வராமல் இருந்திருக்கிறது. ஒன்று ஆறரை ரூபாய். இட்லி வேகும்போதே பானைத் தண்ணீரில் முட்டையைப் போட்டுவிட்டால் தனி கேஸ் வேண்டாம் என்று என் மருமகள் சொன்னாள். கொலுசுப் பட்டறைக் கண்ணு, இது உனக்கும் உதவும். ஓட்டோடு ஃபிரிட்ஜில் வைத்துவிடு.


கொலுசுப்பட்டறை
ஞாயிறு, இரவு 8.45

தறி வீட்டு அக்கா, இன்று கடலை உருண்டை செய்தேன். எல்லாம் நீங்கள் சொன்னபடிதான். பாகு டக்கென்ற நேரத்தில் பட்டறை முதலாளி ஃபோன் செய்தார். நாளைக்கு எத்தனை ஜோடி தயாராகும் என்று கேட்டார். இரண்டே நிமிடம். திரும்பி வந்தபோது பாகு கறுத்துவிட்டது. பரவாயில்லை என்று கடலையைக் கொட்டிப் பிடித்துவிட்டேன்.

கருங்கல். பையன் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தான். அப்புறம் அவன் அப்பாவின் பெட்டியிலிருந்து கொலுசு தட்டுகிற சின்னச் சுத்தியலைக் கொண்டுவந்து, உருண்டையைத் துணியில் முடிந்து வாசற்படியில் வைத்துத் தட்டினான். 'அம்மா, வெள்ளிகூட இதைவிட மெதுவாக இருக்கிறது' என்கிறான். சுக்குநூறாக உடைந்ததை இருவரும் பொறுக்கித் தின்றார்கள். ருசியில் குறை இல்லை, கொஞ்சம் கசப்பு.


அம்மாப்பேட்டைத்_தறி
ஞாயிறு, இரவு 9.30

சிரித்துச் சிரித்துத் தறியை நிறுத்திவிட்டேன். மிச்சம் இருப்பதை உடைத்து வாணலியில் போட்டு, இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துச் சிறு தீயில் இளக்குங்கள். இளகியதும் இன்னும் ஒரு பிடி வறுத்த கடலையைச் சேர்த்துப் பிடித்தால் பல் உடையாது. கறுத்த கசப்பு மட்டும் போகாது.

அடுத்த முறை பாகே வேண்டாம். வறுத்துத் தோல் நீக்கிய கடலை, பொடித்த வெல்லம், ஓர் ஏலக்காய். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரே ஓட்டாக ஓட்டினால் கூழாகிவிடும். கடலையில் இருக்கும் எண்ணெயே பிசின் மாதிரி ஆகி, கையால் அழுத்தினால் பிடிக்க வரும். மெதுவாக இருக்கும், பாட்டிகளும் தின்னலாம். பத்து நாள் நிற்காது, ஐந்தாறு நாள் நிற்கும். உங்கள் வீட்டில் அதற்குள் காலியாகிவிடும், கவலை வேண்டாம்.


பழைய_பஸ்_நிலையம்
ஞாயிறு, இரவு 10.10

என் வீட்டு நிலவரம்: ஜவ்வரிசிக் கிச்சடி நேற்று செய்தேன். இரவு ஊறவைக்கும்போது தண்ணீரைத் தாராளமாக விட்டுவிட்டேன். காலையில் பசை. வெண்பொங்கல் என்று சொல்லிப் பரிமாறினேன், யாரும் நம்பவில்லை.


ஆத்தூர்க்_கிழங்கு
ஞாயிறு, இரவு 10.30

நனைகிற அளவு மட்டும் என்று எழுதியிருந்தேனே அண்ணா. ஜவ்வரிசி ரகத்துக்கு ரகம் குடிக்கும் தண்ணீர் மாறும். முதல் முறை குறைவாகத் தெளித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்துக் கூட்டுங்கள்.


கொலுசுப்பட்டறை
இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.00

எல்லாருக்கும் கணக்குச் சொல்ல வந்தேன். போன வாரம் திங்கள் முதல் சனி வரை:

மிக்ஸிக் கடலை உருண்டை 20, செலவு 45 ரூபாய். கறுப்புக் கொண்டைக்கடலை கால் கிலோ 22. முட்டை நாலு 26. வாழைப்பழம் நாலு 20. மொத்தம் 113. பணியார மாவும் சோறும் ராகியும் வீட்டுச் செலவிலேயே போய்விட்டன, அதைத் தனியாகக் கணக்கில் எடுக்கவில்லை. முன்பு பேக்கரிக்கு மட்டும் வாரம் 240 ஆகிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் பணியாரம், இரண்டு நாள் ராகி அடை, இரண்டு நாள் சுண்டல். சுண்டலை அவனே தட்டுவடையில் அடுக்கிக்கொள்கிறான். பீட்ரூட் துருவிய கையைச் சட்டையில் துடைத்துவிட்டான், அந்தச் சட்டை இனி வீட்டுக்கு மட்டும்தான். தினம் மூன்று உருண்டை. மிச்சம் இரண்டு எனக்கும் அவருக்கும்.

தயிர்சாதக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வற்புறுத்தவில்லை, வெறுமனே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனேன். புதன்கிழமை திரும்பி வந்து பார்த்தால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. யார் சாப்பிட்டது என்று கேட்டேன். 'பூனை' என்றான். வியாழக்கிழமையும் பூனை சாப்பிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்திருந்தது.

இப்போது புதுச் சிக்கல். டியூஷனுக்குப் போகும் வழியில் உருண்டையைப் பார்த்த இரண்டு பையன்கள் இப்போது நாலரைக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். ஒவ்வாமை எதுவும் இல்லை என்று அவர்கள் அம்மாக்களிடம் கேட்டுவிட்டேன். ஒருவனுடைய அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு கிலோ வெல்லம் கொடுத்தனுப்பினார். நேற்று அடை பத்தும் கால் மணி நேரத்தில் காலி. தறி வீட்டு அக்கா, மூன்று பேருக்கு வாரத்துக்கு எவ்வளவு கடலை போட வேண்டும்?


அம்மாப்பேட்டைத்_தறி
ஞாயிறு, இரவு 9.25

முக்கால் கிலோ கடலை, 450 கிராம் வெல்லம். உங்கள் மிக்ஸி தாங்காது, மூன்று முறையாகப் போடுங்கள். ஃபோனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.